முதல் விமானந்தாங்கிகளில் எது கெட்டி?

கேள்வி: 1920-களில் வந்த முதல் விமானந்தாங்கிக் கப்பல்களில் வேகத்திலும் ஆயுதத்திலும் முதலிடம் எதற்கு? லெக்சிங்டன்தான் என்கிறான் நண்பன். முதலில் கட்டப்பட்ட ஹோஷோவுக்குத்தான் பெருமை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: வெறும் எண்களை வைத்துக் கேட்டால் உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி, அதில் போட்டியே கிடையாது. அமெரிக்காவின் லெக்சிங்டனும் அதன் இரட்டைப் பிறப்பான சரடோகாவும் 1927 கடைசியில் கடற்படையில் சேர்ந்தன. 33 நாட் வேகம், அதாவது மணிக்கு 61 கிலோமீட்டர். எந்திரங்களின் ஆற்றல் 1,80,000 குதிரைத்திறன். இது எவ்வளவு பெரிய ஆற்றல் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1929 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரம் மின்தட்டுப்பாட்டில் தவித்தபோது லெக்சிங்டனைத் துறைமுகத்தில் கட்டிவைத்து, சுமார் ஒரு மாதம் அதிலிருந்து ஊருக்கு மின்சாரம் எடுத்தார்கள். நீராவியில் மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தால் சுழலிகளை ஓட்டும் அமைப்பு அந்தக் கப்பலில் இருந்ததால்தான் அது முடிந்தது.

ஜப்பானின் ஹோஷோவை இதன் பக்கத்தில் நிறுத்தினால் குழந்தை மாதிரி இருக்கும். 7,470 டன், 168 மீட்டர் நீளம், 25 நாட் வேகம், 15 விமானங்கள், நான்கு 14 சென்டிமீட்டர் பீரங்கிகள். லெக்சிங்டனுக்கு நீளம் 270 மீட்டர், எடை 33,000 டன்னுக்கு மேல், விமானங்கள் எழுபதுக்கும் அதிகம்.

ஆனால் இந்த ஒப்பீடு எனக்குத் திருப்தி தரவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்து விமானந்தாங்கிகளின் வேகத்தைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து யோசித்துத் தீர்மானிக்கவில்லை, எந்த உடம்பை எடுத்து மாற்றினார்களோ அந்த உடம்பின் வேகம் பிறவியிலேயே வந்துவிட்டது. லெக்சிங்டன் போர்க்குரூசராக, அதாவது கவசத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிய பெரிய போர்க்கப்பலாகப் பிறக்க வேண்டியது, 1922-ல் கையெழுத்தான வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கை அந்த வகைக் கப்பல்களுக்குத் தடை போட்டதால் பாதியில் நின்ற உடம்பை விமானந்தாங்கியாக மாற்றினார்கள். ஜப்பானின் அகாகியும் போர்க்குரூசர்தான், அதனால் 31 நாட்டுக்கு மேல் ஓடியது. அதோடு சேர்ந்து மாற வேண்டிய அமாகியின் உடம்பு 1923 கான்டோ நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போக, அதற்குப் பதில் காகாவை எடுத்தார்கள். காகா கனமான போர்க்கப்பல் உடம்பு, ஆகவே 27 நாட் சொச்சம்தான். பிரிட்டனின் ஈகிள் சிலி நாட்டுக்காகக் கட்டிக்கொண்டிருந்த போர்க்கப்பல், 24 நாட். பிரான்ஸின் பெயார்னும் போர்க்கப்பல் உடம்புதான், 21 நாட் சொச்சம். ஆர்கஸ் இத்தாலிக்காகக் கட்டத் தொடங்கிய பயணிகள் கப்பல், 20 நாட். அமெரிக்காவின் முதல் விமானந்தாங்கி லாங்லியோ நிலக்கரி சுமந்த கப்பல், 15 நாட்டைத் தாண்டவே சிரமப்பட்டது.

அப்புறம் அந்த 'முதல்' என்ற சொல். தலைமுதல் வால்வரை தடையில்லாத தட்டையான தளத்தோடு வந்த முதல் கப்பல் ஆர்கஸ், 1918 செப்டம்பர். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கியதில் முந்தியது பிரிட்டனின் ஹெர்மிஸ், 1918 ஜனவரி. ஆனால் அதை இழுத்தடித்து 1924-ல்தான் சேவைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் ஜப்பான் 1920 டிசம்பரில் தொடங்கி 1922 டிசம்பரில் ஹோஷோவை முடித்துவிட்டது. ஆகவே முழுதாக முடிந்து கடலுக்கு வந்த முதல் 'பிறவி' விமானந்தாங்கி ஹோஷோதான். அந்த விஷயத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: சண்டை போடுவது விமானம். அது எந்தக் கப்பலைவிடவும் பல மடங்கு வேகமானது. அப்படியிருக்க, அதைச் சுமக்கும் கப்பல் ஏன் 30 நாட்டில் ஓட வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. முக்கியக் காரணம் காற்று. விமானம் மேலெழுவதற்குத் தரையோடு ஒப்பிட்ட வேகம் முக்கியமில்லை, இறக்கையின்மேல் பாயும் காற்றின் வேகம்தான் முக்கியம். கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்பி 25 நாட்டில் ஓடுகிறது, எதிர்க்காற்று 10 நாட் என்று வையுங்கள். தளத்தில் அசையாமல் நிற்கும் விமானத்தின் இறக்கையில் 35 நாட் காற்று ஏற்கெனவே பாய்ந்துகொண்டிருக்கும். அன்றைய இரட்டை இறக்கை விமானங்களுக்கு இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் போதும், எழும்பிவிடும். இறங்கும்போதும் இதே கணக்குதான், தளத்தோடு ஒப்பிட்டால் விமானம் மெதுவாக வந்து உட்காரும்.

1917 ஆகஸ்ட் 2-ல் எட்வின் டன்னிங் என்ற இளம் அதிகாரி இதைத்தான் செய்து காட்டினார். ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோவில், ஓடிக்கொண்டிருந்த ஃபியூரியஸ் கப்பலின் முன்தளத்தில் சாப்வித் பப் என்ற சின்ன விமானத்தை இறக்கினார். நகரும் கப்பலில் விமானம் இறங்கியது உலகத்திலேயே அதுதான் முதல்முறை. கப்பலின் நடுவில் பெரிய கட்டடம் நின்றதால் நேராக வர முடியாது. பக்கவாட்டில் பறந்து வந்து, கட்டடத்தைத் தாண்டியதும் சறுக்கித் தளத்தின் மேலே வர வேண்டும், கீழே காத்திருக்கும் ஆட்கள் விமானத்தில் கட்டிய வார்களைக் கையால் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டும். கையால்! ஃபியூரியஸ் 31 நாட் ஓடக்கூடிய கப்பல் என்பதால்தான் அப்படி ஒன்றை நினைத்துப் பார்க்கவாவது முடிந்தது. ஐந்து நாள் கழித்து மறுபடி முயன்றபோது விமானம் கப்பலின் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழுந்து டன்னிங் இறந்துபோனார். வயது 25. அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

வேகம் தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. விமானங்களை ஏற்றி இறக்க விமானந்தாங்கி ஒவ்வொரு தடவையும் காற்றுப் பக்கம் திரும்ப வேண்டும், மற்ற கப்பல்கள் தம் வழியில் போய்க்கொண்டே இருக்கும். கணக்கு போட்டுப் பாருங்கள். கப்பற்படை 15 நாட்டில் மேற்கே போகிறது, காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. விமானந்தாங்கி அரை மணி நேரம் கிழக்கே திரும்பி 25 நாட்டில் ஓடினால் இடைவெளி 20 கடல் மைல் ஆகிவிடும். மறுபடி சேர்ந்துகொள்ள, அதே 25 நாட்டில் துரத்தினால் இரண்டு மணி நேரம். 33 நாட் ஓடும் லெக்சிங்டனுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 15 நாட் லாங்லி? சேரவே முடியாது, கப்பற்படைதான் அதற்காக வேகத்தைக் குறைக்க வேண்டும். சண்டைக் காலத்தில் தனியே விடப்படும் அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

கேள்வி: விமானங்கள்தான் ஆயுதம் என்றால் அகாகி, லெக்சிங்டன் போன்றவற்றில் எட்டு அங்குலப் பீரங்கிகளை ஏன் வைத்தார்கள்? அவற்றால் ஏதாவது பயன் இருந்ததா?

பதில்: பயன் இல்லை. ஆனால் வைத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். 1920-களில் விமானங்களுக்குப் பறக்கும் தூரம் குறைவு, இரவில் பெரும்பாலும் பறக்க முடியாது, மூடுபனியிலும் பெருங்காற்றிலும் அறவே முடியாது. அப்படி ஒரு நேரத்தில் எதிரியின் குரூசர் பத்து மைலில் வந்து நின்றால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. வாஷிங்டன் உடன்படிக்கையும் விமானந்தாங்கியில் எட்டு அங்குலம் வரை பீரங்கி வைத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. கொடுத்த இடத்தைப் பலரும் நிரப்பினார்கள். லெக்சிங்டனிலும் சரடோகாவிலும் எட்டெட்டு, அகாகியிலும் காகாவிலும் பத்துப் பத்து. பெயார்னில் எட்டு 155 மில்லிமீட்டர் பீரங்கிகள், போதாதென்று டார்பிடோக் குழாய்கள் வேறு. இதற்கெல்லாம் முன்பு, முன்பக்கம் விமானத்தளத்தோடு 1917-ல் வந்த ஃபியூரியஸ் பின்பக்கம் ஒற்றை 18 அங்குலப் பீரங்கியோடு நின்றது. பாதி போர்க்கப்பல், பாதி விமானந்தாங்கி.

பீரங்கியின் விலை அதன் எடையோடு முடியவில்லை. லெக்சிங்டனின் நான்கு பீரங்கிக் கூண்டுகளும் கப்பலை இயக்கும் பாலமும் பெரிய புகைபோக்கியும் எல்லாமே வலப்பக்கம், அதனால் கப்பல் வலப்பக்கம் சாயும், அதைச் சமன்செய்ய இடப்பக்கத் தொட்டிகளில் எண்ணெயோ நீரோ நிரப்பியே வைத்திருக்க வேண்டும், அதாவது அந்த எரிபொருளை விருப்பம்போல் செலவழிக்க முடியாது. இடப்பக்கம் சுட வேண்டுமென்றால் குண்டு விமானத்தளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்த வெடியதிர்ச்சியில் தளமும் அதில் நிற்கும் விமானங்களும் பாழாகும். தன் ஆயுதத்தைத் தானே உடைத்துக்கொண்டு சண்டை போடுவது எப்படிச் சரியாகும்? அகாகியில் பின்பக்கப் பீரங்கிகள் கடல்மட்டத்துக்கு அருகில் இருந்ததால் அலை எழும்பினால் நனைந்துவிடும்.

1942-ன் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் இரண்டு கப்பல்களிலிருந்தும் எட்டு அங்குலப் பீரங்கிகளைக் கழற்றிவிட்டார்கள். அகாகியும் காகாவும் 1930-களில் முழுக்கத் திருத்திக் கட்டப்பட்டபோதும் ஜப்பானியர்களுக்கு மனம் வரவில்லை, காகாவில் பத்தையும் அப்படியே வைத்தார்கள், அகாகியில் ஆறு மிஞ்சியது. 1942 ஜூனில் பசிபிக்கின் மிட்வே தீவருகே நடந்த சண்டையில் இரண்டு கப்பல்களையும் முடித்தது வானத்திலிருந்து செங்குத்தாக இறங்கிய குண்டுவீச்சு விமானங்கள்.

சரி, அந்தப் பழைய பயம் எப்போதாவது நிஜமானதா? ஆனது. 1940 ஜூன் 8, நார்வேக்கு அப்பால். பிரிட்டனின் குளோரியஸ், ஃபியூரியஸின் உறவுமுறைக் கப்பல், 30 நாட் ஓடக்கூடியது, ஜெர்மனியின் ஷார்ன்ஹார்ஸ்ட், நைசெனாவ் என்ற இரண்டு போர்க்கப்பல்களிடம் பகலில், நல்ல வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டது. சுமார் 24 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்த குண்டு தளத்தைத் துளைத்தது. குளோரியஸின் 4.7 அங்குலப் பீரங்கிகளுக்கு அந்தத் தூரம் எட்டாது. துணைக்கு வந்த ஆர்டென்ட், அகாஸ்டா என்ற இரண்டு அழிப்புக் கப்பல்களும் கடைசிவரை போராடி மூழ்கின. மூன்றிலும் சேர்த்து 1,500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

எட்டு அங்குலப் பீரங்கி இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டால், எதிரியிடம் இருந்தது 28 சென்டிமீட்டர் பீரங்கிகள், அதனால் இல்லை என்றுதான் சொல்வேன். அன்று குளோரியஸுக்குமேல் வானத்தில் காவலுக்கு ஒரு விமானம்கூட இல்லை, தளத்தில் புறப்படத் தயாராகவும் எதுவும் நிற்கவில்லை. 18 கொதிகலன்களில் 12-ஐத்தான் மூட்டியிருந்தார்கள், கப்பல் 17 நாட்டில் போய்க்கொண்டிருந்தது. ஒரு விமானம் மேலே இருந்திருந்தால் எதிரியை முன்பே பார்த்திருக்கும், எல்லாக் கொதிகலன்களும் எரிந்திருந்தால் ஓடித் தப்ப வழி இருந்திருக்கும். வேகமும் விமானமும் கைவசம் இருந்தும் இரண்டையும் தயாராக வைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

கேள்வி: எந்த நாடு இவற்றைச் சரியாகப் பயன்படுத்தியது? எங்கே, எப்படி நிறுத்தினார்கள்?

பதில்: முதல் பத்தாண்டில் பிரிட்டன்தான் முன்னோடி. 1918 ஜூலை 19-ல் ஃபியூரியஸிலிருந்து எழுந்த ஏழு கேமல் விமானங்கள் டொண்டெர்னில் இருந்த ஜெர்மானியக் கொட்டகைகளைத் தாக்கி எல்54, எல்60 என்ற இரண்டு செப்பலின் வான்கப்பல்களை எரித்தன. கப்பலின் தளத்திலிருந்து புறப்பட்ட விமானங்கள் தரையிலுள்ள இலக்கைத் தாக்குவது என்ற வழி அங்கேதான் திறந்தது. ஆனால் அதற்குப் பிறகு வேகம் குறைந்தது. 1918 ஏப்ரலில் விமானப்படை தனியாக உருவானபோது கடற்படையின் விமானங்களும் அதன்கீழ் போய்விட்டன, திரும்ப வாங்குவதற்குள் இருபது வருடம் ஓடிவிட்டது. கப்பல்களையும் ஒன்றிரண்டாகப் பிரித்து அனுப்பினார்கள், ஹெர்மிஸ் சீனக் கடலுக்கு, ஈகிள் மத்தியதரைக் கடலுக்கு என்று. அவற்றின் வேலை எதிரியைத் தேடிக் கண்டுபிடிப்பது, டார்பிடோவால் அதன் வேகத்தைக் குறைப்பது, மிச்சத்தைப் போர்க்கப்பல்கள் பார்த்துக்கொள்ளும் என்பது அன்றைய எண்ணம்.

அமெரிக்காவில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. லாங்லியைக் கடற்படைக்காரர்கள் 'கூண்டு வண்டி' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள், பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். வேகம் இல்லை, பீரங்கி என்று சொல்ல ஐந்து அங்குலத்தில் நான்கே நான்கு. ஆனால் 1925-ல் ஜோசப் ரீவ்ஸ் விமானப் பிரிவுகளுக்குத் தலைமை ஏற்று வந்ததும் ஓயாமல் கேள்வி கேட்டார், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை வாங்கினார். பிரிட்டிஷ் வழக்கப்படி ஒரு விமானம் இறங்கினால் அதை லிஃப்டில் கீழே இறக்கிய பிறகுதான் அடுத்தது வரும். அமெரிக்கர்கள் இறங்கிய விமானத்தை அப்படியே முன்பக்கம் தள்ளி நிறுத்தினார்கள், நடுவில் தடுப்புக் கம்பியைத் தூக்கினார்கள், அடுத்த விமானம் உடனே இறங்கியது. கீழே இடமில்லாவிட்டாலும் தளத்திலேயே நிறுத்தலாம் என்றாகிவிட்டது. ஒரு டஜன் விமானங்களோடு தொடங்கிய லாங்லி நாற்பதைத் தாண்டிச் சுமந்தது. ஏறத்தாழ அதே எடையுள்ள ஹெர்மிஸ் இருபதோடு நின்றது. வேகத்தில் ஹெர்மிஸ் பத்து நாட் அதிகம், ஆனாலும் சண்டைக்கு அனுப்பக்கூடிய விமானங்களை எண்ணிப் பார்த்தால் கூண்டு வண்டிதான் முன்னால் நிற்கும்.

அந்தப் பாடம் லெக்சிங்டனுக்கும் சரடோகாவுக்கும் போய்ச் சேர்ந்தது. 1929 ஜனவரியில் பனாமாக் கால்வாயைத் தாக்குவது, காப்பது என்று இரு தரப்பாகப் பிரிந்து ஒரு பெரிய பயிற்சி நடந்தது. தாக்கும் தரப்பிலிருந்த ரீவ்ஸ், சரடோகாவை ஒமாஹா என்ற ஒரே ஒரு குரூசரோடு கப்பற்படையிலிருந்து பிரித்து, தெற்கே நீண்ட சுற்று சுற்றி இரவோடிரவாக விரைந்து, விடிவதற்கு முன்பு சுமார் எழுபது விமானங்களை ஏவினார். கால்வாயின் மடைகள் தகர்ந்ததாக நடுவர்கள் அறிவித்தார்கள். பிறகு சரடோகாவும் மூழ்கியதாகவே கணக்கெழுதினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் போர்க்கப்பல் வரிசையின் வாலைப் பிடித்துக்கொண்டு திரியாமல், வேகமான ஒரு விமானந்தாங்கி தனியே ஓடிப்போய் ஒரு வேலையை முடிக்கும் என்பது அன்று நிரூபணமானது. 15 நாட் லாங்லியால் இந்த ஓட்டம் ஓட முடியாது, லாங்லி இல்லாவிட்டால் சரடோகாவுக்கு எழுபது விமானங்களை அந்த வேகத்தில் ஏவத் தெரிந்திருக்காது.

ஜப்பான் ஹோஷோவையும் காகாவையும் 1932-ல் ஷாங்காய் சண்டைக்கு அனுப்பி, தரைப்படைக்கு உதவியாக விமானங்களை ஏவியது. 1941 ஏப்ரலில் விமானந்தாங்கிகளை ஒரே தலைமையின்கீழ் ஒன்றுசேர்த்து ஒரு தனிப் படையாக்கினார்கள். அந்த டிசம்பரில் ஆறு கப்பல்கள் ஒன்றாகப் பெர்ல் ஹார்பருக்குப் போனதற்கு வேர் அங்கே இருக்கிறது.

கேள்வி: மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் எப்படி மூழ்கியது? எதிர்த்துச் சண்டை போடவே இல்லையா?

பதில்: போட்டது, கையில் இருந்ததை வைத்து. 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானந்தாங்கிகள் அடுத்துத் திருகோணமலைக்கு வரும் என்று தெரிந்ததும், ஏப்ரல் 8 இரவே ஹெர்மிஸைத் துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். அதன் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் கரையில், திருகோணமலையின் சீனக்குடாவில் இருந்தன. கப்பலில் ஒரு விமானமும் இல்லை. ஏப்ரல் 9 காலை தாக்குதல் முடிந்து ஹெர்மிஸ் திரும்பிக்கொண்டிருந்தபோது எதிரியின் உளவு விமானம் ஒன்று பார்த்துவிட்டது, சற்று நேரத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. கப்பலின் பெரிய பீரங்கிகளான ஆறு 5.5 அங்குலமும் கப்பல்களைச் சுடுவதற்கானவை, வானத்தைப் பார்த்துச் சுட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அடுத்தடுத்து குண்டுகள் விழ, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. கப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். கூட வந்த ஆஸ்திரேலியாவின் வாம்பயர் கப்பலும் மூழ்கியது. அந்தப் பக்கம் வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது.

விமானந்தாங்கியாகவே பிறந்த முதல் திட்டம், விமானந்தாங்கிகளின் விமானங்களாலேயே, தன் தளத்தில் ஒரு விமானமும் இல்லாத நேரத்தில் போனது. 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இன்றும் அங்கேயே கிடக்கிறது.

கேள்வி: இந்த முதல் தலைமுறைக் கப்பல்களில் போரைத் தாண்டி வந்தவை எவை?

பதில்: ஆர்கஸ், ஃபியூரியஸ், பெயார்ன், சரடோகா, ஹோஷோ. சரடோகாவை 1946 ஜூலையில் பிகினி தீவில் அணுகுண்டுச் சோதனைக்கு இலக்காக நிறுத்தி மூழ்கடித்தார்கள். பெயார்ன் 1967-ல்தான் உடைக்கப்பட்டது. லாங்லி போரைத் தாண்டவில்லை. தளத்தின் ஒரு பகுதியை வெட்டி அதைக் கடல்விமானங்களின் துணைக்கப்பலாக மாற்றியிருந்தார்கள், 1942 பிப்ரவரி 27-ல் 32 பி-40 போர்விமானங்களை ஏற்றிக்கொண்டு ஜாவாவுக்குப் போகும் வழியில் குண்டு விழுந்து கைவிடப்பட்டது.

ஹோஷோ கடைசிவரை இருந்தது. மிட்வே சண்டையின்போது அது முன்னணியில் இல்லை, பின்னால் வந்த போர்க்கப்பல்களுக்குத் துணையாக, அதற்குள் பழசாகிவிட்ட இரட்டை இறக்கை விமானங்கள் சிலவற்றோடு நின்றது. மறுநாள் காலை அதிலிருந்து பறந்துபோன ஒரு விமானம்தான், தளத்தின் முன்பகுதி இடிந்து, எரிந்தபடி மிதந்துகொண்டிருந்த ஹிர்யு என்ற ஜப்பானிய விமானந்தாங்கியைப் படம் எடுத்தது. மிட்வே பற்றிய புத்தகங்களில் நீங்கள் பார்த்திருக்கும் படம் அதுதான். போர் முடிந்ததும் வெளிநாடுகளில் சிக்கியிருந்த ஜப்பானியர்களை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைச் செய்தது ஹோஷோ. அது முடிந்த பிறகுதான் உடைத்தார்கள்.